டெரிகீல் பஸ்ஸின் ஒரே பயணி

அட்ராக்டா லவெல் தன் எழுபத்திரண்டு வயதுக்குள் ஊர்ப் பொதுவிஷயத்தில் வாய் திறந்தது இரண்டே முறை. இரண்டு முறையும் பஸ்ஸைப் பற்றித்தான். இரண்டு முறையும் நான் அருகில் இருந்தேன். காற்றாலை எதிர்ப்புக் கமிட்டிக்கு நான் செயலாளர். யார் எதைச் சொன்னாலும் எழுதி வைப்பது என் வேலை.

நாங்கள் இருவரும் டெரிகீல் பள்ளியில் ஒரே பெஞ்சு. பதினைந்து வயதில் அவள் நகரத்து மருத்துவமனையின் சலவைக்கூடத்துக்கு வேலைக்குப் போனாள். நான் மேலே படித்துவிட்டு அதே பள்ளிக்கு ஆசிரியராகத் திரும்பி வந்தேன். என்னை ஊர் ‘மாஸ்டர்’ என்றது. அவளைக் ‘கோல்மன் பொண்டாட்டி’ என்றது. யூஜின் என்று என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட ஊரில் மிச்சமிருந்தவள் அவள் ஒருத்திதான். முப்பத்தெட்டு வருடம் அவள் படுக்கை விரிப்புகளை மடித்தாள். சாகக் கிடந்தவனுடையது, பிள்ளை பெற்றவளுடையது, எல்லாவற்றுக்கும் ஒரே மடிப்பு. யாரைப் பற்றியும் அவளுக்குத் தனி அபிப்பிராயம் இல்லாமல் போனதற்கு அதுகூடக் காரணமாக இருக்கலாம். அபிப்பிராயம் இல்லாதவர்களை எங்கள் ஊர் சுலபத்தில் மன்னிப்பதில்லை.

அவள் கார் ஓட்டக் கற்கவில்லை. கோல்மன் ஓட்டினான், அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். எங்கள் பக்கத்தில் கார் ஓட்டுவதில் பாதி வேலை விரலுக்கு. எதிரே கார் வந்தாலும் ஓரமாக ஆள் நடந்தாலும், ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே ஆட்காட்டி விரலை ஒரு அங்குலம் உயர்த்த வேண்டும். தெரிந்தவனுக்கும் உண்டு, தெரியாதவனுக்கும் உண்டு, நில வழக்கில் எதிர்க்கட்சிக்காரனுக்கும் உண்டு. உயர்த்தாமல் போக அனுமதி செத்தவனுக்கு மட்டும்தான். அவனும் வண்டியின் பின்பக்கம் படுத்திருப்பதால்.

கோல்மனுக்கு அரசாங்கத்தின் மேல் ஒரு மனத்தாங்கல் உண்டு. இரண்டாயிரத்து எட்டில் பசுமைக் கட்சி முதன்முறையாக ஆட்சியில் பங்கு பெற்றிருந்தபோது, புகை குறைவு என்று டீசல் காருக்குச் சாலைவரியைக் குறைத்தார்கள். நல்ல நிலையில் இருந்த பெட்ரோல் காரை விற்று அவன் டீசல் வாங்கினான். பத்து வருடம் கழித்து அதே நிறக் கொடிக்காரர்கள் டீசல் விஷம் என்றார்கள்.

“முதல்ல டீசல் வாங்குன்னாங்க, வாங்கினேன். இப்ப டீசல் வச்சிருக்கிறவன் பூமியைக் கொல்றான்ங்கறாங்க. அடுத்து எதை வாங்கச் சொல்வாங்களோ, அதுக்குள்ள போய்ச் சேர்ந்துடணும்” என்று மதுக்கடையில் சொல்வான். எல்லோரும் சிரிப்பார்கள்.

அவன் தாத்தா மண் வெட்டிய சதுப்பு நிலத்தை, ஒரு வகைப் பாசியைக் காப்பாற்றுவதற்காக மூடினார்கள். வெட்டிக் காயவைத்து அடுப்பில் எரிக்கும் அந்த மண்கட்டிதான் எங்கள் குளிர்காலம். சதுப்பை மூடிய பிறகு, தோட்டத்துக்குப் போடும் சதுப்பு மண் லாட்வியாவிலிருந்து கப்பலில் வந்தது. “பாசிக்கு வக்கீல் இருக்கான், எனக்குத்தான் இல்ல” என்பது கோல்மனின் இன்னொரு வாக்கியம். அவனுக்கு மொத்தமே ஆறேழு வாக்கியங்கள்தான். அட்ராக்டா எல்லாவற்றுக்கும் தலையாட்டுவாள், டீ ஊற்றுவாள்.

பிறகு காற்றாலை வந்தது. ஊருக்குப் பின்னால் இருக்கும் கர்ராக் மலையில் பதினோரு காற்றாலை நிறுத்தப் போவதாக ஒரு கம்பெனி அறிவித்தது. நாங்கள் கமிட்டி போட்டோம். தலைவர் டொமினிக் கினெல்லி. என் பழைய மாணவன். பின்னக் கணக்கில் படுமோசம். இப்போது மூன்று லாரிக்குச் சொந்தக்காரன். ஒன்பது வருடம் போராடினோம். வேலிக்கு வேலி பலகை நட்டோம். வௌவாலுக்காகவும் நன்னீர் முத்துச்சிப்பிக்காகவும் நான் எழுதிய ஆட்சேபங்களை இப்போது படித்தாலும் கண் கலங்குகிறது. வௌவாலை எங்களில் எவரும் அதற்கு முன் நேசித்ததில்லை. கடைசியில் தோற்றோம். காற்றாலைகள் எழுந்தன. அந்த மார்ச் மாதப் புயலில் மூன்று நாள் ஊரில் மின்சாரம் இல்லை. மலைமேல் பதினொன்றும் சுற்றிக்கொண்டிருக்க, நாங்கள் மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் உட்கார்ந்து அவற்றைத் திட்டினோம். அந்த மின்சாரமெல்லாம் தலைநகர் டப்ளின் பக்கம் ஜன்னலே இல்லாத கட்டிடங்களில் இருக்கும் கம்ப்யூட்டர்களுக்குப் போகிறது என்று டொமினிக் சொன்னான்.

அடித்தளத்துக்கு வேண்டிய கல்லை மலைக்கு ஏற்றியது அவனுடைய மூன்று லாரிகள்தான். ஒருநாள் சாலையில் நிறுத்தி நானே கேட்டேன்.

“எப்படியும் எவனோ ஒருத்தன் கொண்டுபோய்க் கொட்டத்தான் போறான், மாஸ்டர்” என்றான். “வெளியூர்க்காரன் கொட்டினா நம்ம ஊருக்கு என்ன மரியாதை?”

நான் ஒதுங்கி லாரிக்கு வழி விட்டேன்.

காற்றாலை ஓட ஆரம்பித்த வருடம், கம்பெனி ஊருக்கு ஒரு நல்லெண்ணப் பரிசு அறிவித்தது. அரசுத் துறையும் சேர்ந்துகொண்டது. பதினாறு இருக்கை மின்சார பஸ். டெரிகீல் நாற்சந்தியிலிருந்து நகரத்துக்கு ஒரு நாளைக்கு ஐந்து முறை. பக்கவாட்டில் ஒரு பச்சை இலை வரைந்திருந்தது. அந்த இலைதான் எங்களைக் கொன்றது.

ஒன்று சொல்ல வேண்டும். டெரிகீலுக்கு பஸ் வேண்டும் என்று இருபத்திரண்டு வருடமாக ஒவ்வொரு அமைச்சருக்கும் கடிதம் எழுதியவன் நான். ‘பஸ்ஸில்லாத ஊரில் காரோட்டும் பாவிக்கு கார்பன் வரி போடுவது, காலில்லாதவனுக்கு நடைபயண அபராதம் போடுவதற்குச் சமம்’ என்று ஒரு வரி எழுதியிருந்தேன். வட்டாரப் பத்திரிகை அதைக் கட்டம் கட்டிப் போட்டது. ஆக, பஸ் வேண்டாம் என்று யாருமே சொல்லவில்லை. அவர்கள் கையால் வேண்டாம் என்றோம்.

கால்பந்து கிளப் ஹாலில் கூட்டம். டொமினிக் எழுந்தான்.

“மலையை எடுத்துக்கிட்டு பொம்மை பஸ் குடுக்கறாங்க. அதுல ஏறி உக்காந்தா, ஒன்பது வருஷம் நாம போட்ட சத்தமெல்லாம் பஸ்ஸுக்காகத்தான்னு ஆயிடும். டெரிகீல்காரன் ஒருத்தன்கூட அதுல கால் வைக்கக் கூடாது. சரிங்கறவங்க கை தூக்குங்க.”

எல்லாக் கைகளும் உயர்ந்தன. எங்கள் மேயோ மாவட்டத்துக்கு இது ரத்தத்திலேயே உண்டு. நில முதலாளியின் ஏஜெண்டாக இருந்த ஒரு கேப்டனை, நூற்றைம்பது வருடத்துக்கு முன் எங்கள் முன்னோர்கள் யாரும் பேசாமல், யாரும் வேலை செய்யாமல் தள்ளிவைத்ததில்தான் அவன் பெயரே உலகத்துக்கு ‘பாய்காட்’ என்ற சொல்லாகக் கிடைத்தது. மற்ற ஊர்கள் அரண்மனை கட்டிப் பெயர் வாங்கின. நாங்கள் ஒருவனிடம் பேசாமல் இருந்து வாங்கினோம்.

கைகள் இறங்கின. அப்போது கடைசி வரிசையிலிருந்து அட்ராக்டா கேட்டாள்.

“பஸ் எத்தனை மணிக்கு?”

ஹாலே சிரித்தது. தபால் கடை பெர்னி முன்வரிசையிலிருந்து திரும்பி, “போடு, அட்ராக்டா! இத்தனை வருஷமா இதை எங்கடி ஒளிச்சு வச்சிருந்த?” என்று கைதட்டினாள். நானும் குறிப்பேட்டில் ‘சிரிப்பு’ என்று எழுதினேன். அவள் சிரிக்கவில்லை என்பதை யாரும் கவனிக்கவில்லை.

அவளுக்கு உண்மையிலேயே மணி தெரியவேண்டியிருந்தது. அதற்கு நான்கு மாதம் முன்பு கோல்மனுக்குப் பக்கவாதம். வலது பக்கம் போயிற்று. ஆறேழு வாக்கியங்களும் போயின. நகரத்து முதியோர் இல்லத்தில் சேர்த்திருந்தார்கள். டெரிகீலிலிருந்து இருபத்திரண்டு கிலோமீட்டர். அங்கே மாலைச் சாப்பாடு நாலரை மணிக்கு. வேறு யார் கரண்டியை நீட்டினாலும் அவன் பல்லை இறுகக் கடித்துக்கொள்வான். நர்ஸ்கள் பாடிப் பார்த்தார்கள், கெஞ்சிப் பார்த்தார்கள், ஒருத்தி அட்ராக்டாவின் ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டும் பார்த்தாள். பல் திறக்கவில்லை; உறிஞ்சுகுழலில் கொஞ்சம் பால் மட்டும் இறங்கும். அட்ராக்டா பக்கத்தில் உட்கார்ந்து, வெண்ணெய் போட்டு மசித்த உருளைக்கிழங்கை எடுத்து, “கோல்மன்” என்று ஒரு தரம் சொன்னால் வாய் திறக்கும். நாலரைக்கு அவள் அங்கே இருந்தால் அவன் சாப்பிடுவான். இல்லையென்றால் இல்லை. அவளுடைய அரசியல் முழுவதும் அவ்வளவுதான்.

அதுவரை அவள் ஊராரின் கார்களில்தான் போய் வந்தாள். கேட்டால் யாரும் இல்லை என்றதில்லை. டெரிகீலில் உதவி மறுப்பது விரல் உயர்த்தாமல் போவதைவிடக் கேவலம். ஆனால் உதவி செய்கிறவருக்கு அவருடைய நேரம் இருந்தது. திங்கள்கிழமை பெர்னி காலை பத்துக்குப் போவாள், மதியம் திரும்புவாள். புதன்கிழமை டொமினிக்கின் மனைவி, தலைமுடி வெட்டிக்கொள்ளப் போகும்போது. வெள்ளிக்கிழமை நான், இரண்டு மணிக்கு, நூலகத்துக்கு. மூன்றரைக்கு நான் வாசலில் ஹார்ன் அடிப்பேன். அவள் கோட்டைப் போட்டுக்கொண்டே ஓடி வருவாள்.

“இன்னும் ஒரு மணி நேரம் இருக்க முடியுமா, யூஜின்?” என்று ஒருமுறை கேட்டாள்.

“இருட்டறதுக்குள்ள வீட்டுக்குப் போயிடணும், அட்ராக்டா. என் கண்ணு முன்ன மாதிரி இல்ல” என்றேன். இது உண்மைதான். இருட்ட இரண்டு மணி நேரம் இருந்தது என்பதும் உண்மைதான்.

கோல்மன் அந்த நான்கு மாதத்தில் பதினொரு கிலோ இளைத்தான்.

பஸ் ஒரு திங்கள்கிழமை ஓட ஆரம்பித்தது. நாற்சந்தியில் மூன்று நாற்பதுக்குக் கிளம்பும். நகரத்தில் நாலு பத்து. முதியோர் இல்ல வாசலிலேயே நிறுத்தம். திரும்புவது ஆறு ஐந்துக்கு. அவளை உட்காரவைத்து அளவெடுத்துத் தைத்த மாதிரி இருந்தது. டிரைவர் நோயல் டஃபி, பக்கத்து ஊர்க்காரன். மேயோ கால்பந்து அணியில் ஆடியிருக்க வேண்டியவன் என்று அவனே சொல்லிக்கொள்வான்.

முதல் நாள் நாற்சந்தியில், எதிர்ச்சுவரோரம் எட்டுப் பேர் எதேச்சையாக நின்றுகொண்டிருந்தார்கள். நானும் எதேச்சையாக நின்றேன். அட்ராக்டா கோட்டுப் பித்தானை மேல்வரை போட்டு, கைப்பையை மார்போடு அணைத்து நின்றாள். பஸ் வந்தது. கதவு திறந்தது.

“மிஸ்ஸஸ் லவெல்! உங்க ஊர்ல என்னை வரவேற்க பேண்டு வாத்தியம் இருக்கும்னாங்களே?” என்றான் நோயல், எங்களைப் பார்த்துக்கொண்டே.

“அட்டையை எங்க வைக்கணும்?”

“இதோ, இந்த மெஷின்ல. கீச்சுனு கத்தும், பயப்படாதீங்க. எங்க உக்காரணும்னு பார்க்கறீங்களா? கூட்டம்தான். நெருக்கியடிச்சு எங்கயாவது ஒரு இடம் பாருங்க.”

முதியோருக்கான இலவசப் பயண அட்டை கீச்சிட்டது. பதினாறு காலி இருக்கைகளில் முதல் இருக்கையில் அவள் உட்கார்ந்தாள். பஸ் சத்தமே இல்லாமல் போயிற்று. சத்தம் போட்டிருந்தால் எங்களுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

அன்று கோல்மன் தட்டைக் காலி செய்தான். அதற்குப் பிறகு தினமும்.

அன்றிலிருந்தே விரல் நின்றது. யாரும் யாரிடமும் சொல்லி வைக்கவில்லை. நாங்கள் அப்படிப்பட்ட காட்டுமிராண்டிகள் இல்லை. அவள் வீட்டிலிருந்து நாற்சந்திக்கு அரைக் கிலோமீட்டர். அந்தத் தூரத்தில் தினமும் ஏழெட்டுக் கார்களாவது அவளைக் கடக்கும். ஸ்டியரிங்கில் பத்து விரலும் படிந்தே இருந்தன. பெர்னி அவளுக்குப் பாலும் ரொட்டியும் கொடுத்தாள், விலையைச் சொன்னாள். மழையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. எங்கள் ஊரில் மழையைப் பற்றிப் பேசாமல் பால் விற்பது முகத்தில் அறைவதற்குச் சமம். சர்ச்சில் அவள் வரிசை அவளுக்கே தனியாக இருந்தது. பாதிரியார் அண்டை அயலாரை நேசிப்பது பற்றி நல்ல பிரசங்கம் ஒன்று செய்தார், எல்லோரும் ரசித்தோம்.

அவள் முதலில் புரிந்துகொள்ளவில்லை என்று நினைக்கிறேன். கார் வரும்போதெல்லாம் வழக்கம்போல் கையை உயர்த்தினாள். மூன்றாவது வாரம் கை பாதிவரை வந்து நின்றது. பிறகு கைப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொள்ளக் கற்றுக்கொண்டாள்.

ஐந்தாவது மாதம் நோயல் அவளிடம் விஷயத்தைச் சொன்னான். ஆறு மாதம் முடிந்ததும் கடைசி மாதத்தின் ஆட்கணக்கைப் பார்ப்பார்கள். ஒரு ஓட்டத்துக்குச் சராசரியாக நாலு பேர் இல்லையென்றால் பஸ் நின்றுவிடும்.

“இப்ப எவ்வளவு?”

“நீங்க இருக்கறப்ப ஒண்ணு. நீங்க இல்லாதப்ப நானும் என் சாண்ட்விச்சும்.” அடுத்த வளைவைத் திருப்பிவிட்டு அவனே சொன்னான்: “மெஷினுக்கு மூஞ்சி தெரியாது, மிஸ்ஸஸ் லவெல். கீச்சு மட்டும்தான் தெரியும். நான் ஒண்ணும் சொல்லல. நான் ரோட்டைப் பாக்கறேன்.”

ஊருக்குள் பஸ்ஸுக்கு நாலு நிறுத்தம்: நாற்சந்தி, தபால் கடை, சர்ச், கால்பந்து மைதானம். அடுத்த நாள் காலையிலிருந்து அட்ராக்டா எல்லா ஓட்டத்துக்கும் வந்தாள். நாற்சந்தியில் ஏறினாள், கீச். தபால் கடையில் இறங்கி, ஏறி, கீச். சர்ச்சில் இறங்கி, ஏறி, கீச். மைதானத்தில் இன்னொன்று. ஓட்டத்துக்கு நாலு, நாளைக்கு இருபது. நவம்பர் மழையில், முப்பத்தெட்டு வருடம் சலவைக்கூடச் சிமெண்டுத் தரையில் நின்று தேய்ந்த முழங்காலோடு, ஒவ்வொரு நிறுத்தத்திலும் கம்பியைப் பிடித்து இறங்கி, இலை வரைந்த அந்தப் பக்கத்தைக் கையால் ஒரு தரம் தொட்டுவிட்டு மறுபடி ஏறினாள். பெர்னி கடை ஜன்னலிலிருந்து பார்த்துவிட்டு, பாவம், மூளை குழம்பிவிட்டது என்று எல்லோரிடமும் சொன்னாள். குரலில் நிஜமான வருத்தம் இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அட்ராக்டா என் வீட்டுக்கு வந்தாள். பள்ளி முடிந்த பிறகு அதுதான் முதல் தடவை. ஷூவை வாசலிலேயே கழற்றிவிட்டு உள்ளே வந்தாள்.

“பஸ் நிக்கக் கூடாதுன்னு ஒரு லெட்டர் எழுதணும், யூஜின். நீ எழுதின பழைய லெட்டர்ல ஒண்ணைக் குடு, போதும். அடியில என் பேரைப் போட்டுக்கறேன்.”

“நான் கமிட்டி செயலாளர், அட்ராக்டா. எப்படி முடியும்?”

“உன் பேரு வேண்டாம். வார்த்தையை மட்டும் குடு.”

முடியாது என்றேன். டீ கொடுத்தேன். அவள் கோபித்துக்கொள்ளவில்லை. டீயை முடித்துவிட்டு, பரவாயில்லை, லெட்டர் இல்லாமலே சமாளித்துவிடுவேன் என்று சொல்லி, கீச் விஷயத்தை எனக்கு நடித்துக் காட்டினாள். இறங்குவது, ஏறுவது, நோயல் ரோட்டைப் பார்ப்பதுபோல் ஆகாயத்தைப் பார்ப்பது, எல்லாம்.

“சராசரி நாலு வந்துடுச்சு! அரசாங்க மெஷினையே ஏமாத்திட்டேன், யூஜின்!” கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள். அந்தச் சிரிப்பை நான் பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த காலத்துக்குப் பிறகு பார்க்கவில்லை. யாரிடமும் சொல்லாதே என்று அவள் சொல்லவில்லை. சொல்லத் தேவையில்லை என்று நினைத்திருக்கலாம்.

ஒரு நல்ல கதையைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா இருக்கும் பழக்கம் எங்கள் ஊரில் யாருக்கும் இல்லை. குடியை விட்டவர்கள் உண்டு. கதையை விட்டவர்கள் இல்லை. செவ்வாய்க்கிழமை கமிட்டி கூட்டம் முடிந்து மதுக்கடையில் உட்கார்ந்தபோது நான் சொன்னேன். அவள் மேல் பிரியத்தோடுதான் சொன்னேன். ஆகாயத்தைப் பார்க்கும் நோயலையும் நடித்துக் காட்டினேன். மேஜையே குலுங்கியது. டொமினிக் சிரித்துச் சிரித்து இருமினான். பிறகு சிரிப்பை நிறுத்தி, கிளாஸைக் கீழே வைத்தான்.

“அப்ப, அத்தனை ஏத்தமும் ஒரே அட்டைதானா, மாஸ்டர்?”

“அது... ஒரு கதைக்காகச் சொன்னேன், டொமினிக்.”

“கதை பிரமாதம். அதையே லெட்டராப் போடுங்க.”

நான் கொஞ்சம் இழுத்தேன். கொஞ்சம்தான். “பொய்யா எழுதச் சொல்றேன்? நடந்ததைத்தான எழுதச் சொல்றேன்” என்றான் அவன். பள்ளிக்கூடத்தில் உண்மையே எழுதவேண்டும் என்று அவனுக்குக் கற்றுக்கொடுத்தவனே நான்தான். எழுதினேன். ‘டெரிகீல் தடத்தில் பதிவான ஏற்றங்கள் அனைத்தும் ஒரே பயண அட்டையிலிருந்து வந்தவையா என்று ஆராய்வது பொதுநலனுக்கு உகந்தது.’ நல்ல வாக்கியம். அடித்தல் திருத்தல் இல்லாமல் வந்தது.

ஆராய்ந்தார்கள். தொண்ணூற்றாறு சதவீதம் ஒரே அட்டை. ‘தொடர்ந்து தேவை இல்லாததால்’ பஸ் ஜனவரி கடைசியில் நிறுத்தப்படும் என்று கடிதம் வந்தது. அட்ராக்டாவுக்குத் தனியாக இன்னொரு கடிதம்: பயண அட்டையைத் தவறாகப் பயன்படுத்தியது பற்றி எழுத்தில் விளக்கம் தேவை. அந்த விளக்கத்தை எழுதித் தரச் சொல்லி அவள் என்னிடம் வரவில்லை. நோயலை வேறு தடத்துக்கு மாற்றினார்கள்.

கடைசி ஓட்டத்தன்று நாற்சந்திச் சுவரோரம் நாங்கள் இருபது பேராவது இருப்போம். பஸ் திரும்பிப் போனதும் டொமினிக் எல்லோருக்கும் ஒரு சுற்று வாங்கிக் கொடுத்தான். ஒன்பது வருடப் போராட்டத்தில் நாங்கள் ஜெயித்த ஒரே விஷயம் அதுதான். மலைமேல் பதினொன்றும் சுற்றிக்கொண்டிருந்தன.

மறுநாள் காலை விரல் திரும்பி வந்தது. அதுவும் யாரும் சொல்லி வைத்ததில்லை. அட்ராக்டா சாலையில் நடக்க, எட்டு கார்களிலும் எட்டு விரல்கள் எழுந்தன. பெர்னி மழையைப் பற்றி நிறுத்தாமல் ஐந்து நிமிடம் பேசினாள். “என்ன இது, நீ எதுக்கு பஸ்ஸுக்கெல்லாம் அலையணும்? நாங்கல்லாம் எதுக்கு இருக்கோம்? திங்கக்கிழமை பத்து மணிக்கு ரெடியா இரு” என்றாள். புதன் டொமினிக்கின் மனைவி. வெள்ளி நான், இரண்டு மணிக்கு. எங்கள் பெருந்தன்மை எங்களுக்கே ஆச்சரியமாக இருந்தது.

“நாலரைக்கு யாராவது போவீங்களா?” என்று அவள் எல்லோரிடமும் கேட்டாள். ஒவ்வொருவராக, ஒரே கேள்வி. நாலரைக்கு மாடு கறக்கவேண்டும், பிள்ளைகளைப் பயிற்சிக்குக் கூட்டிப்போக வேண்டும், தவிர டீசல் விற்கிற விலையில் இரண்டு தடவை போகமுடியுமா, கார்பன் வரி போட்டவனைப் போய்க் கேள். முதல் வாரம் அவள் கிடைத்த காரில் போய் நாலரைச் சாப்பாடு முடியும்வரை இருந்தாள். திரும்பி வர டாக்சி. ஊரின் ஒரே டாக்சி மூன்றாம் நாள் வேறு வாடகைக்குப் போய்விட்டது. அவள் நகரத்து எல்லைவரை நடந்து, அங்கே ஒரு பால் லாரியை நிறுத்தி ஏறி வந்தாள். மறுநாள் முழங்கால் வீங்கிப் பத்து நாள் படுத்துவிட்டாள். அந்தப் பத்து நாளும் இல்லத்தில் நர்ஸ்கள் பாடினார்கள்.

கோல்மன் மார்ச் மாதம் செத்தான். சான்றிதழில் நிமோனியா என்று எழுதினார்கள். அப்போது அவன் எடை நாற்பத்தொரு கிலோ. சாகும்போது அவள் அருகில் இல்லை. அது ஒரு சனிக்கிழமை, மாலை ஐந்து மணி. சனிக்கிழமைக்கு யாருடைய காரும் ஒதுக்கியிருக்கவில்லை.

சாவு என்று வந்துவிட்டால் எங்கள் ஊரை யாரும் குறை சொல்ல முடியாது. நானூறு பேர் வந்தார்கள். வரிசையில் நின்று ஒவ்வொருவராக அட்ராக்டாவின் கையைக் குலுக்கி, “உன் கஷ்டத்துக்கு வருத்தப்படறேன்” என்றார்கள். எங்கள் பக்கத்தில் எல்லாச் சாவுக்கும் அதே வாக்கியம்தான், மாற்றிச் சொல்லக் கூடாது. டொமினிக் அவள் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அழுதான். நடிப்பில்லை. பெர்னி எண்பது சாண்ட்விச் செய்திருந்தாள்.

கல்லறை நகரத்துக்கு அப்பால், கோல்மனின் அப்பா ஊரில். அங்கே கார் நிறுத்த இடம் கிடையாது. டொமினிக் முன்னாலேயே யோசித்து ஏற்பாடு செய்திருந்தான். சர்ச் வாசலில் அந்த பஸ் நின்றது. ஓடாத பஸ்ஸை வாடகைக்கு விடுகிறார்கள் என்று அவனுக்குத் தெரிந்திருந்தது. ஓட்ட நோயலே வந்திருந்தான். யாரும் தயங்கவில்லை, சாவுக்கு ஏறுவது பஸ்ஸில் ஏறுவதில் சேராது என்று எல்லோருக்கும் ஒரே சமயத்தில் தோன்றியிருக்க வேண்டும். முதல் இருக்கை தவிர மற்ற பதினைந்தும் நிரம்பி, நடுவில் பதினொரு பேர் நின்றோம்.

“அட, உள்ள நல்லாத்தான் இருக்கு!” என்றாள் பெர்னி, இருக்கையை அமுக்கிப் பார்த்து. “சூடு வருது பாரு. சத்தமே இல்ல.”

“நாப்பது வருஷத்துக்கு முன்னயே விட்டிருக்கணும்” என்றான் டொமினிக்.

அட்ராக்டாவுக்கு முதல் இருக்கையை விட்டு வைத்திருந்தோம். அவள் ஏறினாள். படியில் நின்று, கருப்புக் கோட்டுப் பைக்குள் கைவிட்டு அட்டையை எடுத்து மெஷினில் வைத்தாள்.

“மெஷின் அணைச்சிருக்கு, மிஸ்ஸஸ் லவெல்” என்றான் நோயல், ரோட்டைப் பார்த்தபடி.

அவள் அட்டையை எடுக்கவில்லை. திரும்பி எங்களை ஒவ்வொரு தலையாகப் பார்த்தாள். உதடு மெல்ல அசைந்தது. ஜெபம் செய்கிறாள் என்று பெர்னி தலை குனிந்தாள். நானும் குனிந்தேன், ஆனால் எனக்கு அந்த உதட்டசைவு பழக்கம்; வாய்ப்பாடு ஒப்பிக்கும்போதும் அவள் அப்படித்தான் செய்வாள். எண்ணிக்கொண்டிருந்தாள். இருபத்தாறில் நின்றது.

இது நடந்து ஒன்றரை வருடம் ஆகிறது. டீசல் இன்னும் ஏறிவிட்டது. டொமினிக் குடித்துவிட்டு ஓட்டி, கோர்ட்டில் இரண்டு வருடத்துக்கு உரிமத்தைப் பறிகொடுத்தான். போன மாதம் கமிட்டியைக் கூட்டி, மக்களைப் பற்றி அரசாங்கத்துக்கு அக்கறையே இல்லை, டெரிகீலுக்கு உடனே ஒரு பஸ் வேண்டும் என்று தீர்மானம் போட்டான். ஏகமனதாக நிறைவேறியது. கடிதம் என் பொறுப்பு. ‘எழுபது வயதைக் கடந்த பெண்மணி ஒருவர், பஸ் இல்லாத காரணத்தால், சாகும் தறுவாயில் இருந்த கணவருக்கு ஒரு வாய் உணவு ஊட்டவும் வழியின்றி...’ என்று ஆரம்பித்திருக்கிறேன். இதைவிட உருக்கமான உதாரணம் இந்த மாவட்டத்தில் கிடைக்காது. அவள் கையெழுத்து முதலில் இருந்தால் எடுபடும் என்று டொமினிக் சொன்னதால், நானே எடுத்துக்கொண்டு போனேன்.

வாசலில் நின்று முழுவதும் படித்தாள். மடித்தாள். விரிப்பை மடிப்பதுபோல், ஓரத்தோடு ஓரம் சேர்த்து, நகத்தால் ஒரு தடவை நீவி என் கையில் கொடுத்தாள்.

“எனக்கு இப்ப எங்கயும் போகவேண்டியதில்ல, மாஸ்டர்” என்றாள்.

கையெழுத்து இல்லாமலே அனுப்பினோம். சாலையில் நடக்கும்போது அவள் இப்போது யாருக்கும் கை உயர்த்துவதில்லை. எதிரில் எத்தனை விரல் எழுந்தாலும் நேரே பார்த்துப் போகிறாள். ஊரில் எல்லோருக்கும் அதில் மனவருத்தம்தான். அவளுக்கு நாம் என்ன குறை வைத்தோம் என்று பெர்னி கடையில் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.